தெரிந்த விலாசம்

செப்டம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம், என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? காலையில் நடக்கிறாயா, இல்லை நடப்பதாக டாக்டரிடம் சொல்லிக்கொண்டு திரிகிறாயா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள், அந்த வாலு, வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷமாகிறது. ஏன் போனாள் என்று நீயும் சொல்லவில்லை, நானும் குடையவில்லை. அவள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் நடுவில் நின்று எதையாவது பேசி ஒப்பேற்றியிருப்பாள். இப்போது நடுவில் நிற்க நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கு அறுபத்து நாலு முடிகிறது, என் மருமகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

டெட் லெட்டர் ஆபீசில் முப்பது வருஷமாக உட்கார்ந்து, யார் யாரோ கிறுக்கி அனுப்பிய கவருக்கெல்லாம் விலாசம் தேடிக் கண்டுபிடிக்கிறாய். "மாடி வீட்டு மாமாவுக்கு" என்று மட்டும் எழுதியிருந்த தபாலை மாமா கையிலேயே சேர்த்த கதையை என்னிடமே நாலு தடவை சொல்லியிருக்கிறாய். எனக்கு ஒரே ஒரு விலாசம் கண்டுபிடித்துத் தா.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. மாத்திரையை மறக்காதே.

அக்கா

•

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் நேற்று மாலைத் தபாலில் கிடைத்தது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நடக்கிறேன், பொய் இல்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

கேட்ட விலாசத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. அவளிடமிருந்து வந்த கவரின் பின்பக்கமே இருந்தது. ஆனாலும் அந்தப் பகுதிக்குத் தபால் கொண்டுபோகும் போஸ்ட்மேனிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டேன். பஸ் நிலையத்திலிருந்து இடது பக்கம் நடந்தால் மூன்றாவது தெரு. கீழே மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடை, மேலே ஒற்றை அறை வீடு. படிக்கட்டு வெளிப்புறம். கைப்பிடி ஆடுகிறதாம், பார்த்து ஏறுங்கள். தங்கள் மருமகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறாள். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மதியம்.

இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். தங்களுக்கு ரயிலில் பதினாலு மணி நேரம் ஆகும். கீழ்ப் படுக்கையாகப் பார்த்து எடுங்கள்.

தங்கள் சுகத்துக்காக ஜெபிக்கும்,

தம்பி

•

அக்டோபர் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒரு மாதமாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வேலை இருந்தது.

உன்னிடம் ஒரு சந்தேகம். ஞாயிறு பள்ளிக்கு இப்போதே கிறிஸ்து பிறப்புப் பாடம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள். போன வாரம் எழுந்து நின்று கேட்கிறாள்: "டீச்சர், கிழக்கேருந்து சாஸ்திரிங்க நட்சத்திரத்தப் பாத்து வந்து ராஜா எங்க பிறந்திருக்காருன்னு கேட்டாங்க. அங்க ஆண்ட ஏரோது, வேதத்தைக் கரைச்சுக் குடிச்ச வேதபாரகரைக் கூப்பிட்டு விசாரிச்சான். அவங்க புத்தகத்தப் புரட்டி, பெத்லகேம்னு டக்குன்னு சொல்லிட்டாங்க. அங்கேருந்து ரெண்டு மணி நேர நடைதானே. அவங்கள்ல ஒருத்தராவது ஏன் கூடப் போகல?"

உன்னைக் கேட்டுச் சொல்வதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பகுதியை வருஷா வருஷம் சபையில் நின்று வாசிக்கிறவன் நீ. சொல்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

•

அக்டோபர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சுகம். தங்கள் கவரில் விழுந்த முத்திரை ஒரே மசமசப்பு. மை மாற்றும்படி தங்கள் தபால் நிலையத்தில் சொல்லுங்கள்.

கேள்வி நல்ல கேள்வி. இத்தனை வருஷத்தில் எந்தப் போதகரும் என்னிடம் கேட்டதில்லை. என் பதில் இதுதான். அவர்களுடைய வேலை எழுதியிருப்பதைத் தேடி எடுத்துச் சொல்வது. சொன்னார்கள், சரியாகவும் சொன்னார்கள். போய்ப் பார்ப்பது கேட்டவர்களுடைய வேலை. நாங்களும் அப்படித்தான். விலாசத்தைக் கண்டுபிடித்துக் கவரில் சிவப்பு மையால் எழுதிவிடுவோம். அந்த வீட்டு வாசலுக்கு நாங்கள் போவதில்லை. போகத் தொடங்கினால் ஆபீஸ் நடக்குமா?

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். கெட்டிக்காரியாக இருப்பாள் போலிருக்கிறது. இன்னும் ஏதாவது கேட்டால் தயங்காமல் எழுதுங்கள்.

தம்பி

•

நவம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முழங்கால் நலமில்லை என்பதை இனி எழுதமாட்டேன், நீயே சேர்த்துப் படித்துக்கொள். மழை பிடித்துக்கொண்டிருக்கிறது, குடை எடுத்துப் போ.

உன் பதிலை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "வேலைன்னு சொல்றது சரிதான். ஆனா சாஸ்திரிங்களுக்கு இது வேலையில்லையே, ஏன் வந்தாங்க?" அதை நானே சமாளித்துவிட்டேன், விடு. அடுத்த கேள்விதான் உனக்கு. நட்சத்திரத்தைப் பார்த்து வந்தவர்கள், நேரே மாட்டுக்கொட்டகைக்குப் போகாமல் அரண்மனைக்குப் போய் விசாரித்தார்களே. அதனால் ஏரோது பயந்துபோய் எத்தனை குழந்தைகளைக் கொன்றான். "வழி தெரியாம தப்பான எடத்துக்குப் போனதுக்கு அவங்களை யாரும் திட்டலையா? சரியாத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கிளம்பி வாங்கன்னு யாரும் சொல்லலையா?" இப்படிக் கேட்கிறாள்.

நிதானமாக யோசித்து எழுது. அவசரமில்லை.

அக்கா

•

நவம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சுகம். இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அதனால் கொஞ்சம் தாமதம்.

அந்தப் பிள்ளைக்கு முதலில் ஒரு திருத்தம். சாஸ்திரிகள் போனது மாட்டுக்கொட்டகைக்கு அல்ல, ஒரு வீட்டுக்கு. நாம் போடுகிற நாடகத்தில்தான் மேய்ப்பரோடு சேர்த்து அவர்களையும் கொட்டகையில் நிறுத்திவிடுகிறோம்.

இனி கேள்விக்கு வருகிறேன். ராஜாவைத் தேடுகிறவன் அரண்மனைக் கதவைத் தட்டாமல் வேறெங்கே தட்டுவான்? எங்களிடம் வரும் கவரில் வெறும் "டாக்டர்" என்று இருந்தால் முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஆள் அனுப்புவோம். அங்கே இருக்கமாட்டார். ஆனால் அங்கே இருக்கிற யாராவது ஒருவருக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்கும். ஒரு கடிதம் போய்ச் சேர மூன்று தப்பான வாசல் ஏறி இறங்குவது எங்களுக்குச் சாதாரணம். அதைத் தவறு என்று நாங்கள் ரிஜிஸ்டரில் எழுதுவதில்லை, விசாரணை என்றுதான் எழுதுகிறோம்.

ஏரோது செய்த பாவம் ஏரோதுடையது. அதைச் சாஸ்திரிகள் தலையில் கட்ட வேண்டாம். அவர்களை யாரும் திட்டியதாக வேதத்தில் இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டு வா என்று யாரும் திருப்பி அனுப்பியதாகவும் இல்லை. பாதி தெரிந்து கிளம்பியவர்கள்தான் போய்ச் சேர்ந்தார்கள். தேடுகிறவர் வழி தப்புவது குற்றமில்லை என்று அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மழை நாளில் படி ஏறி இறங்கும்போது கவனம்.

தம்பி

•

நவம்பர் 28

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம்.

இதற்கு மேல் வேஷம் போட எனக்குத் தெம்பில்லை. நான் ஞாயிறு பள்ளி எடுப்பதை விட்டு இரண்டு வருஷமாகிறது. என் வகுப்பில் ஒருத்தியும் இல்லை. கேட்டவள் உன் மகள். அக்டோபர் முதல் வாரம் அவள் வீட்டுக்கு வந்த நான், ஆடுகிற கைப்பிடியைப் பிடித்து ஒரு வழியாக மேலே ஏறிவிட்டேன், இறங்கத்தான் முடியவில்லை என்று சொல்லி இங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன் கடிதங்களை ஊரில் பக்கத்து வீட்டம்மா இங்கே திருப்பி அனுப்புகிறாள்.

இந்தக் கேள்விகளை அவள் உன்னிடம் கேட்கத்தான் ஆசைப்பட்டாள். "நேர்ல கேட்டா பதில் வராது அத்தை, நீங்க கேட்டா வரும்" என்றாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தஞ்சு வருஷம் இரண்டு பேர் பேச்சுக்கு நடுவே இணைப்புக் கொடுத்தவள்தானே என்று நானும் ஒத்துக்கொண்டேன். உன் முதல் பதிலுக்கு, "அப்பா மாறவே இல்ல" என்று சிரித்தாள். இரண்டாவது வந்தபோது அடுப்பில் பால் இருந்தது. தேடுகிறவர் வழி தப்புவது குற்றமில்லை என்கிற இடத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பால் பொங்கி வழிந்தது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதை அன்னிக்கு என்கிட்ட ஏன் சொல்லல அத்தை?" என்று கேட்டாள். அப்போதுதான் மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். சபையில் எல்லாரும் எழுந்து சொல்கிற விசுவாசப் பிரமாணத்தை வாயால் சொல்லத் தனக்கு மனசு வரவில்லை, ஆனால் விட்டுவிடவும் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்றாளாம். நீ சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிராமல், "கண்டுபிடிச்சிட்டு வா" என்றாயாம். சொந்தப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது?

அவள் உனக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. வரும் ஜனவரி பத்தாம் தேதி கடல் கடந்து வேலைக்குப் போகிறாள், நாலு வருஷ ஒப்பந்தம். அது மூன்றாவது கடிதத்திலேயே இருக்கிறதாம். படித்துவிட்டுமா கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாய் என்று எழுதப் போனேன். நாம் சபைக்குப் போகிறவர்கள் என்பதால் வெறும் கல் என்று எழுதுகிறேன்.

வந்து பார்த்துவிட்டுப் போ.

அக்கா

•

டிசம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சுகம்.

யாருக்கு எழுதுகிறேன் என்று முதலிலிருந்தே எனக்குத் தெரியும். முத்திரையைப் பார்க்காமல் நான் கவரைப் பிரிப்பேன் என்று நினைத்தீர்களா? அது மசமசப்பாக இல்லை, பளிச்சென்றுதான் இருந்தது. அவள் இருக்கிற ஊர் முத்திரை என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். நான் எழுதியதெல்லாம் அவளுக்குத்தான். எழுதியபோது சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

மூன்று கடிதங்களையும் நான் பிரிக்கவில்லை. எங்கள் ஆபீஸ் விதி ஒன்று உண்டு. வெளியே விலாசம் கிடைத்துவிட்டால் உள்ளே பிரிக்கக் கூடாது. பிரித்தாலும் விலாசத்துக்காக மட்டும்தான் கண்ணை ஓட்ட வேண்டும், மற்றதைப் படிக்கக் கூடாது. முப்பது வருஷப் பழக்கம். அவள் கவர் வந்ததும் பின்பக்கம் பார்த்தேன், விலாசம் இருந்தது, வீடு மாறியிருக்கிறாள், சுகமாக இருக்கிறாள் என்று தெரிந்தது. மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். மற்ற இரண்டையும் அப்படியே செய்தேன். விதி என்று சொல்லிக்கொண்டேன். உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், பயம்தான்.

வர முடியாது. வருஷக் கடைசியில் வாழ்த்து அட்டைகள் மூட்டை மூட்டையாக வரும், பாதிக்கு விலாசம் இருக்காது. முப்பத்தோராம் தேதி வரை ஞாயிறும் வேலை. அவள் கிளம்புவதற்குள் புதுவருஷத்தில் ஒரே ஞாயிறுதான், ஆறாம் தேதி. அன்றைக்குத்தான் சாஸ்திரிகள் வந்த பகுதியை நான் வாசிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு தடவையும் தவறியதில்லை.

இதே ஏற்பாடு தொடரட்டும். அவள் எந்தத் தேசத்துக்குப் போனாலும் உங்களுக்கு எழுதட்டும், நீங்கள் எனக்கு எழுதுங்கள், நான் பதில் தருகிறேன்.

தம்பி

•

டிசம்பர் 14

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

எந்தப் பகுதியை வாசிக்க நின்றுகொண்டிருக்கிறாய் என்று உனக்கு உறைக்கவே இல்லையா? எங்கே என்று கேட்டேன். கவர், முத்திரை, தெரு, மாடி, படிக்கட்டுக் கைப்பிடி வரைக்கும் சொன்னாய். கிழவி நான் காலை இழுத்துக்கொண்டு பதினாலு மணி நேரம் வந்தேன். இரண்டு மணி நேர தூரத்தில் இருக்கிற நீ வரவில்லை. அந்த வேதபாரகர்களைப் பற்றி "குறை சொல்ல ஒன்றுமில்லை" என்று எழுதினாயே, அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். இனி என் வழியாகக் கேள்வி வராது, பதிலும் போகாது. இணைப்பைத் துண்டித்துவிட்டேன். பத்தாம் தேதி வியாழக்கிழமை. பயமாக இருந்தால் பயந்துகொண்டே பஸ் ஏறு.

அக்கா

•

ஜனவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். புத்தாண்டு வாழ்த்துகள். தங்களுக்கு மூன்று வாரமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும்.

நேற்றுப் போய் வந்தேன். காலை ஏழு மணி பஸ், மாலை ஐந்தரை பஸ்ஸில் திரும்பினேன். என் மகள் சுகமாக இருக்கிறாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். டீ கொடுத்தாள். என் சர்க்கரை அவளுக்கு ஞாபகம் இருந்தது. சாமான்கள் கட்டுகிற வேலையில் கூடமாட உதவினேன்.

சபையில் எனக்குப் பதில் கமிட்டிக் காரியதரிசி வாசித்தாராம். இரண்டு இடத்தில் தடுக்கினாராம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று போதகர் சொன்னார்.

இப்போது எனக்கும் முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது. படிக்கட்டு காரணமாக இருக்கலாம். தாங்கள் என்ன தைலம் போடுகிறீர்கள் என்று எழுதவும்.

தம்பி

•

ஜனவரி 9

அன்புள்ள அத்தைக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? கால் எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். நாளைக்குக் கிளம்புகிறேன். பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது, பேனாவும் இந்த ஒரு தாளும்தான் வெளியே இருக்கின்றன.

அப்பா வந்த விஷயத்தை அவர் எப்படி எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். பஸ் நேரம் மட்டும்தான் இருந்திருக்கும். அதனால் நான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காயில் கடை அண்ணன் மேலே வந்து, "கீழ ஒரு பெரியவரு அரைமணி நேரமா நிக்கிறாரும்மா. யார் வேணும்னு கேட்டா, விலாசம் சரிதானான்னு பாக்கறேன்கிறாரு" என்றார். எட்டிப் பார்த்தேன். ஆராதனைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, அயர்ன் மடிப்புக்கூடக் கலையாமல். சபைக்கு உடுத்திக் கிளம்பியவர், பாதி வழியில் பஸ் நிலையத்துக்குத் திரும்பிவிட்டாராம். "வாங்கப்பா" என்றேன். "ம்" என்றார். கைப்பிடியைத் தொடாமல் ஓரமாக ஏறி வந்தார்.

உட்கார்ந்ததும் பையிலிருந்து என் கடிதங்கள் மூன்றையும் எடுத்து நாற்காலியில் வைத்தார். கத்தி வைத்து ஒழுங்காக வெட்டிப் பிரித்திருந்தார். "நேத்துதான் படிச்சேன். வரிசையாப் படிச்சேன்" என்றார். முதல் இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, "ரெண்டுக்குப் பதில் எழுதிட்டேன். மூணாவது பாக்கி" என்றார்.

உங்கள் வழியாகக் கேட்டவை முதல் இரண்டு கடிதங்களில் நான் எழுதியிருந்த கேள்விகள்தான்; மூன்றாவதில் கேட்டிருந்ததை உங்களிடம் சொல்லவில்லை, அத்தை. அவ்வளவு தூரம் வந்த சாஸ்திரிகள் உள்ளே போய்ப் பார்த்தது ஒரு சாதாரண வீடு, ஓர் அம்மா, ஒரு குழந்தை. வேறொன்றும் இல்லை. அதைப் பார்த்ததும் இதுதான் என்று எப்படித் தெரிந்தது? தரையில் விழுந்து கும்பிடும்படி எதைப் பார்த்தார்கள்? அதே கதையைத்தான் நானும் சின்ன வயசிலிருந்து கேட்கிறேன், எனக்கு ஏன் தெரியவில்லை? இதுதான் கேட்டிருந்தேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய விளக்கம் வரப்போகிறது என்று நினைத்தேன். "தெரியலம்மா" என்றார்.

இருபத்தொன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத வார்த்தை அது. "இருபத்திரண்டு வருஷமா வாசிக்கிறேன். அந்த இடம் வரும்போது குரலை ஏத்தி வாசிப்பேன், எல்லாரும் நல்லாயிருந்துச்சும்பாங்க. எனக்குத் தெரியல. அன்னிக்கு நீ தேடுறேன்னு சொன்னப்ப, எங்க இருக்குன்னு என்கிட்ட கேட்டுருவியோன்னு பயந்துட்டேன். தெரியலைன்னு சொன்னா நீ போயிருவேன்னு நினைச்சேன். சொல்லாமலே போயிட்டே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்தார்.

மதியம் முழுக்கக் கயிறு பிடித்துப் பெட்டி கட்டினோம். அவர் கட்டியது தளர்ந்துபோய் நானே திரும்பக் கட்டினேன். "போற இடத்துல கண்டுபிடிச்சேன்னா எழுது" என்றார். பிறகு, "கண்டுபிடிக்கலைன்னாலும் எழுது" என்றார்.

கிளம்புகிற நேரத்தில், "ஜெபம் பண்ணலாமா? உனக்கு வேணாம்னா வேணாம்" என்று கேட்டார். என்னிடம் அனுமதி கேட்டு அப்பா ஜெபம் பண்ணியதே இல்லை. சரி என்றேன். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரத்தான் இடம் இருந்தது. அதில் முழங்கால் போட்டார். சோறு ஆறிப்போகிற வரைக்கும் ஜெபம் பண்ணுகிறவர், அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார், அவ்வளவுதான். நானும் பக்கத்தில் இடித்துக்கொண்டு முழங்கால் போட்டேன். கீழே கடையில் மோட்டார் ஓட்டிப் பார்க்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

நான் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை, அத்தை. ஆனால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. அவர் ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால்தான் எழுந்தோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் உங்கள் இருவருக்கும் தனித்தனியாக எழுதுகிறேன்.

உங்கள் வாலு